ட்ரையல் ரூமா, ஃபிட்டிங் ரூமா? உங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஜவுளிக்காரி (சென்னை)

தி. நகரில் ஒரு துணிக்கடையில் சுடிதார், குர்தி தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். டிசம்பர் பிறந்தால் வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்கள் நிறைய. பெற்றோர் தமிழில் பேசிவிடுவார்கள். அங்கேயே வளர்ந்த பிள்ளைகள் "ஃபிட்டிங் ரூம் எங்கே?" என்று கேட்கும்போதுதான் சிக்கல். அவர்கள் தேடுவது துணியைப் போட்டுப் பார்க்கும் அறையை. நம் பக்கம் ஃபிட்டிங் என்றால் தைத்த துணியை உடம்புக்கு ஏற்றபடி பிடிப்பது, கை நீளம் குறைப்பது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் அந்தப் பிள்ளைகளை நேராக ஆல்ட்ரேஷன் டெய்லரிடம் கூட்டிப்போய் நிறுத்திவிடுகிறார்கள். சமீபத்தில் ஒரு பெண் கைநிறைய குர்தியோடு தையல் மிஷின் முன்னால் நிற்கிறாள். டெய்லர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டார். அவள் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு அம்மாவைத் தேடிப் போய்விட்டாள். விற்பனை போனால் போகட்டும், உடை மாற்ற இடம் கேட்ட பெண்பிள்ளை கூச்சப்பட்டுத் திரும்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இந்தியா முழுக்கக் கடைகளில் ட்ரையல் ரூம் என்ற பலகைதான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள், அங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள். எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

எடிசன்வாசி (நியூ ஜெர்சி)

இங்கே துணிக்கடையில் ஃபிட்டிங் ரூம், சில கடைகளில் டிரெஸ்ஸிங் ரூம். ட்ரையல் ரூம் என்றால் புரியாது. ட்ரையல் என்றதும் இவர்களுக்கு நீதிமன்ற விசாரணைதான் ஞாபகம் வரும். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் கேட்டபோது கடைக்காரப் பெண் திருதிருவென்று விழித்தாள். மாமியார் சட்டையைத் தோளில் வைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டு, தானே வந்து கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் எத்தனை உடை என்று எண்ணி, அந்த எண் போட்ட அட்டையைக் கையில் கொடுப்பார்கள். வெளியே வரும்போது அட்டையும் உடைகளும் சரியாக இருக்க வேண்டும்.

ஜிம்மில் இதையெல்லாம் கேட்காதீர்கள். அங்கே லாக்கர் ரூம்.

வடமராட்சி (லண்டன்)

அக்கா, எங்கள் இலங்கையில் இன்னொரு பெயர் இருக்கிறது: ஃபிட் ஓன் (fit on) ரூம். கொழும்பிலும் சரி யாழ்ப்பாணத்திலும் சரி, உடுப்புக் கடையில் "ஃபிட் ஓன் பண்ணிப் பாருங்கோ" என்றுதான் சொல்லுவார்கள். சிங்களவரும் தமிழரும் ஒன்றாய்ப் புழங்கும் சொல். இலங்கையை விட்டு வெளியே வந்தால் யாருக்கும் விளங்காது.

லண்டனில் கடைகளில் ஃபிட்டிங் ரூம் என்றும் சேஞ்சிங் ரூம் என்றும் இரண்டும் நடக்கும். ஆனால் சேஞ்சிங் ரூம் என்றால் பள்ளிக்கூடத்து விளையாட்டு உடுப்பு மாற்றும் அறையும் அதுதான், நீச்சல் தடாகத்து அறையும் அதுதான். மகளை நீச்சல் பழகக் கூட்டிப்போன இடத்தில் சேஞ்சிங் வில்லேஜ் என்று எழுதியிருந்தது. உள்ளே போனால் ஆண், பெண், குஞ்சு குருமான் எல்லாரும் ஒரே மண்டபத்தில், ஈரத்தலையோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு ஆபிரிக்க அம்மாதான் விளங்கப்படுத்தினா. வரிசையாய்ச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் உள்பூட்டு. மாற்றுவது அதற்குள்ளே, நடமாட்டம் மட்டும்தான் பொது. குடும்ப அறை என்று பெரிதாகவும் சில உண்டு, இருக்க ஒரு வாங்கும் (பெஞ்ச்), குழந்தையைக் கிடத்த ஒரு மேசையும் உள்ளே இருக்கும்.

உண்மையைச் சொன்னால், இப்போது எனக்கு இந்த ஏற்பாடுதான் பிடித்திருக்கிறது. பழைய தடாகங்களில் பெண்கள் பக்கம் முழுக்கத் திறந்த கூடம், மறைப்பே இல்லை. எங்கள் பழக்கத்துக்கு அது ஒத்துவராது. ஒரு பாவாடையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உள்ளாலே மாற்றுவது கிணற்றடியில் பழகியது, அதை வைத்துத்தான் சமாளித்தேன். எதிர்ப்பால் பிள்ளையைக் கூட்டிப்போக 8 வயது வரைக்கும்தான் பல இடங்களில் விடுவார்கள். தகப்பன் மகளைக் கூட்டிப்போனால் இந்த வில்லேஜ் எவ்வளவு உதவி என்று யோசித்துப் பாருங்கோ. போகும்போது ஒரு பவுண் குற்றி (நாணயம்) கையில் வைத்திருங்கோ, பல இடங்களில் லாக்கருக்குத் தேவைப்படும். எடுக்கும்போது திரும்பி வரும்.

லா ஷப்பல் (பாரிஸ்)

பிரெஞ்சில் கபின் தெஸ்ஸெயாஜ். எஸ்ஸெயே என்றால் முயன்று பார்ப்பது, அதாவது நம் ட்ரையலேதான். இங்கே பிறந்த என் பிள்ளைகள் சென்னையில் ட்ரையல் ரூம் பலகையைப் பார்த்ததும் கேட்காமலே நுழைந்துவிட்டார்கள். ஆங்கில நாடுகளில் படித்த அவர்களின் சித்தப்பா பிள்ளைகள்தான் வெளியே நின்றார்கள்.

கத்தரிக்கோல் (கோயம்புத்தூர்)

ட்ரையல் எங்கள் தொழில் சொல்லும்கூட. கோட் தைக்கும்போது கையால் பெரிய பெரிய தையலாக ஓட்டி, ஒரு கை மட்டும் சேர்த்து, ஆளை வரச்சொல்லிப் போட்டுப் பார்ப்போம். தோள் இறக்கம், முதுகுச் சுருக்கம் எல்லாம் அப்போதுதான் தெரியும். சாக்கட்டியால் கோடு போட்டுப் பிரித்துவிட்டு மறுபடி தைப்போம். "வியாழக்கிழமை ட்ரையலுக்கு வாங்க சார்" என்று அப்பா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். இங்கிலாந்து டெய்லர்கள் இதே வேலையை ஃபிட்டிங் என்கிறார்கள். அதனால் ஜவுளிக்காரி அம்மா, உங்கள் பெண்கள் டெய்லரிடம் கூட்டிப்போனது ஒன்றும் அர்த்தமில்லாத காரியம் இல்லை.

சேப்பாக்கம் கேலரி

கிரிக்கெட்டில் டிரெஸ்ஸிங் ரூம்தான், வேறு பெயர் ஒட்டவே இல்லை. லார்ட்ஸ் மைதானத்தில் சதம் அடித்தவர் பெயரையும் ஒரு இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தவர் பெயரையும் பலகையில் பொறிப்பது அந்த அறைக்குள்ளேதான். நம் இந்திய ஆட்டக்காரர் வெங்சர்க்கார் 1979, 1982, 1986 என்று மூன்று டெஸ்ட்டில் அங்கே சதம் போட்டவர். டெண்டுல்கர் அங்கே டெஸ்ட் சதம் அடித்ததே இல்லை. ஃபுட்பால் பக்கம் மேனேஜர் டிரெஸ்ஸிங் ரூமை இழந்துவிட்டார் என்று பத்திரிகையில் எழுதினால், ஆட்டக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். நம் சபா நாடகக்காரர்களுக்கு அதே அறை கிரீன் ரூம்.

சக்கரநாற்காலி அம்மா (பர்மிங்ஹாம்)

எல்லாரும் கடையைப் பற்றியே எழுதுகிறீர்கள். நான் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே சேஞ்சிங் பிளேசஸ் என்று ஒரு பலகை உண்டு. துணி போட்டுப் பார்க்கும் அறை என்று நினைத்து நம் ஆட்கள் பலர் கடந்து போகிறார்கள். தானாக எழுந்து போக முடியாதவர்களுக்கான கழிப்பறை அது.

என் மகன் வளர்ந்த ஆள். பேபி சேஞ்சிங் மேஜை கைக்குழந்தைக்கு. சாதாரண மாற்றுத்திறனாளி கழிப்பறையில் சக்கரநாற்காலி நுழையும், ஆனால் அவனைப் படுக்க வைத்து உடை மாற்ற இடம் இருக்காது. அப்படிப்பட்ட இடங்களில் துண்டை விரித்துத் தரையில் கிடத்தித்தான் மாற்றியிருக்கிறேன். யாரோ மிதித்த ஈரத்தரை அது. எந்தத் தாய்க்கும் அந்த நிலை வரக்கூடாது.

சேஞ்சிங் பிளேசஸ் அறை 12 சதுர மீட்டராவது இருக்கும். பெரியவர் படுக்கிற நீளத்துக்கு ஏற்றி இறக்கும் பெஞ்ச், ஆளைத் தூக்கும் ஹாய்ஸ்ட், இரண்டு பக்கமும் துணைக்கு ஆள் நிற்க இடம் விட்டு நடுவில் டாய்லெட் கோப்பை, மறைப்புக்கு ஒரு திரை. 2006-இல் இதற்கென்றே இயக்கம் தொடங்கிப் போராடினார்கள். 2021 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் பெரிய பொதுக் கட்டடங்களில் இது கட்டாயம். சக்கரநாற்காலி ஆளோடு இங்கே சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் எது எங்கே என்று பார்த்து வையுங்கள்.

ஜவுளிக்காரி (சென்னை)

அம்மா, அந்த அறைகளைப் பூட்டி வைத்திருப்பார்களா? வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரிடம் கேட்பது?

சக்கரநாற்காலி அம்மா (பர்மிங்ஹாம்)

பல இடங்களில் பூட்டுதான். ராடார் சாவி என்று ஒன்று இருக்கிறது, நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளி கழிப்பறைகளுக்கு ஒரே சாவி. இணையத்தில் சில பவுண்டுக்குக் கிடைக்கும். இல்லையென்றால் அந்தக் கட்டடத்தின் வரவேற்பு மேஜையில் கேளுங்கள். ஹாய்ஸ்ட் இருக்கும், ஆளை உட்கார வைக்கும் ஸ்லிங் துணி அங்கே இருக்காது. அதை நீங்கள்தான் கையோடு கொண்டுவர வேண்டும்.