பேக்லிங்க் (பிற தளங்கள் நம் பக்கத்துக்குக் கொடுக்கும் சுட்டி) உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். கல்வெட்டுகள் பற்றித் தமிழில் எழுதுகிறேன். கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்துப் போட்ட பதிவுகளை யாரும் சுட்டவில்லை. சுட்டியதெல்லாம் ஒரே பக்கத்தை, முகத்தல் அளவைப் பட்டியலை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். கல்வெட்டில் நெல் கலக்கணக்கில் வந்தால் ஒரு கலத்துக்கு 96 நாழி என்று உடனே தெரிய வேண்டும் அல்லவா? எண்ணைப் போட்டால் விடை வரும்படி ஒரு கட்டமும் வைத்தேன்.

முதல் சுட்டி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பக்கத்திலிருந்து வந்தது. அவர் பட்டியலில் அளவைகளுக்கான சுட்டி செத்துக் கிடந்தது. எழுதினேன்: "வணக்கம் ஐயா. தங்கள் பட்டியலில் மூன்றாவது சுட்டி திறக்கவில்லை. அது இருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடிவிட்டது. பழைய பக்கத்தின் பிரதி வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கிறது, முகவரி கீழே. அதே பொருளில் நான் எழுதியதும் உண்டு. எது பொருத்தமோ அதை இடலாம்." இரண்டையும் போட்டார். அங்கே பார்த்து மற்ற ஆசிரியர்களும் எடுத்துப் போட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து என் கல்வெட்டுப் பதிவுகளுக்கு உள்சுட்டி கொடுத்திருந்தேன். கூகுளில் அவையும் மெல்ல மேலே வந்தன.

*

அண்ணா, அந்த லெட்டரை எடுத்து வெச்சுக்கிறேன். நான் கோவையில எஸ்இஓ வேலை பார்க்கிறேன், அதாவது தளங்களைத் தேடல்ல மேல கொண்டு வர்ற வேலை. எங்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் அடிபட்டுத்தான் வருவாங்க. ஒரு ஜவுளிக்காரர். முன்னாடி பார்த்த ஏஜென்சி மாசாமாசம் பேக்லிங்க் ஷீட் கொடுத்துட்டே இருந்திருக்கு. ஒருநாள், கூகுள் தளக்காரங்களுக்குக் கொடுக்கிற சர்ச் கன்சோல்ல, கூகுள் ஆளுங்களே பார்த்துப் போடுற தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வந்து நின்னுடுச்சு: இயல்பில்லாத இணைப்புகள்னு. லிங்க் பட்டியலை இறக்கிப் பார்த்தா, யாரோ ரஷ்யாக்காரரோட கமெண்ட் பெட்டி, சூதாட்டத் தளத்தோட அடிப்பகுதின்னு என்னென்னமோ. எல்லாத்துலயும் ஆங்கர் டெக்ஸ்ட் (சுட்டியா சொடுக்குற வார்த்தை) ஒண்ணே ஒண்ணு: "மொத்த விலைச் சேலை". ஒருத்தராவது கடைப் பேரைச் சொல்லணுமே! மனுஷங்க சுட்டினா கடைப் பேர், "இங்க பாருங்க", வெறும் முகவரின்னு கலந்துதான் வரும். 2011இல் அமெரிக்காவுல ஜே.சி.பென்னி கடையை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தினப்பவும் இதே கதைதான், சம்பந்தமில்லாத தளங்கள்ல எல்லாம் உடுப்புப் பேர்ல சுட்டி. அடுத்த வருஷம் ஏப்ரல்ல, இந்த மாதிரி லிங்க்கைப் பிடிக்க கூகுள் கொண்டுவந்த பெங்குவின் அப்டேட் வந்து நிறைய பேரைச் சாய்ச்சுது.

தளக்காரங்களுக்கு மெயில் போட்டோம். சுட்டியை எடுக்கவே சிலர் காசு கேட்டாங்க! எடுக்காததை டிஸ்அவோ ஃபைல்ல (இதைக் கணக்குல எடுக்காதீங்கன்னு கூகுளுக்குக் கொடுக்கிற பட்டியல்) போட்டு, யாருக்கெல்லாம் எழுதினோம்கிற ஷீட்டோட மறுபரிசீலனைக்கு அனுப்பினோம். தடை நீங்குச்சு. "பழைய இடம் ஏன் தம்பி வரலை?"ன்னார். அந்த இடமே அந்த லிங்க் முட்டுக்கொடுத்ததுதான், எப்படி வரும்? அப்புறம் நெகமம் சேலை தறியில ஏறுறதுல இருந்து மடிக்கிறது வரைக்கும் படம் போட்டு ஒரு பக்கம் பண்ணினோம். ஒரு நாளிதழ் சுட்டினது அதைத்தான்.

ஒண்ணு, கண்ட தளத்துல இருந்து லிங்க் வருதேன்னு பயந்து டிஸ்அவோல கை வெச்சுடாதீங்க. 2016க்கு அப்புறம் பெங்குவின் அந்த மாதிரி லிங்க்கைப் பெரும்பாலும் கணக்குல எடுக்காம விட்டுடுது.

*

திரட்டி (பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளம்) காலத்துப் பதிவர் நான். அப்போது பின்னூட்டத்துக்கே மொய் என்றுதான் பேர். நீ என் பதிவில் வந்து "அருமை" என்றால், நான் உன் பதிவில் வந்து "கலக்கல்" என்பேன், கூடவே என் சுட்டியையும் விட்டுவிட்டு வருவேன். 2005 ஜனவரியிலேயே கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் நோஃபாலோவை (இந்தச் சுட்டிக்கு மதிப்புக் கொடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) ஏற்றுக்கொண்டன, ஆகவே தேடுபொறியில் அந்த மொய்க்கு மதிப்பில்லை. ஆனால் ஆள் வந்தார்கள். இன்றும் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றின் வெளி இணைப்பில் என் பதிவு இருக்கிறது, அதுவும் நோஃபாலோதான். அதைப் பார்த்து வந்த வார இதழ்க்காரர் ஒருவர் தன் இணையப் பக்கத்தில் நல்ல சுட்டியாகவே கொடுத்தார்.

*

எனக்குத் தினமும் மெயில் வருது: "டிஏ 50 தளத்துல கெஸ்ட் போஸ்ட், டூஃபாலோ கேரண்டி". வாங்கலாமா? என்னுது மாடித்தோட்ட பிளாக்.

*

கோவைக்காரன்தான் மறுபடியும். அக்கா, கெஸ்ட் போஸ்ட்னா அடுத்தவங்க தளத்துல நாம எழுதுற பதிவு, டூஃபாலோன்னா நோஃபாலோ குறி இல்லாத சுட்டி. டிஏங்கிறது மோஸ் கம்பெனி தளங்களுக்குப் போடுற மார்க், கூகுளோடது இல்லை. கூகுள் தன்னோட மார்க்கான பேஜ்ரேங்கை வெளியில காட்டுறதையே 2016இல் நிறுத்திடுச்சு. அவங்க சொல்ற தளத்தோட முகப்பைத் திறந்து பாருங்க. கிரிப்டோ, பல்வலி, பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்னு அடுத்தடுத்து இருந்தா மூடிடுங்க. காசு கொடுத்த சுட்டிக்கு ஸ்பான்சர்டோ நோஃபாலோவோ குறி போடணும்கிறது கூகுள் விதி. போட்டா ரேங்குக்குப் பிரயோஜனமில்லை, போடலைன்னா விதிமீறல். ஆடிப்பட்டம், தைப்பட்டத்துல தொட்டியில எது வருது, எது வரலைன்னு நீங்க குறிச்சு வெச்ச நோட்டு ஏதாவது இருக்கா? இருந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க. அட்டவணையாக்கி, யார்கிட்ட காட்டலாம்னு பார்ப்போம்.