கே. எஸ். கிருஷ்ணனின் தாக்கத்தை மேற்கோள்களால் அளக்க முடியுமா?

கேள்வி: மதுரையில் முதுகலை இயற்பியல் பயில்கிறேன். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்து, நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனின் ஆய்வுகள் இன்றும் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பதைத் திட்டக்கட்டுரையில் காட்ட விரும்புகிறேன். அதற்கு, மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை மதிப்பிடும் ஹெச் குறியீடு (h-index) போதுமா?

மறுமொழி 1: போதாது. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த அக்குறியீட்டின்படி, ஒருவருக்கு அது 20 என்றால், அவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். அவற்றை எவர், எப்போது, எதற்காகக் காட்டினர் என்பதை அந்த ஓர் எண் சொல்லாது. படிகங்களின் காந்தப் பண்பு குறித்த கிருஷ்ணனின் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, மேற்கோள்களை ஆண்டுவாரியாகவும் துறைவாரியாகவும் பிரித்துப் பாருங்கள். 'கிருஷ்ணன்' என்று தேடினால் ஊரே வந்து நிற்கும் என்பதால், தலைப்பையும் இதழையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

மறுமொழி 2: இன்னொரு சிக்கலும் உண்டு. சி. வி. ராமனும் கிருஷ்ணனும் ராமன் விளைவு குறித்து 1928-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையைக் குறிப்பிடாமலேயே, ஒளிச்சிதறலைக் கொண்டு பொருள்களை ஆராயும் ராமன் நிறமாலையியலை இன்று பயன்படுத்துகிறார்கள். ஒரு கருத்து பொது அறிவாகிவிட்டால் அதன் மூலக் கட்டுரை மறைந்துபோகும் என்பதைச் சமூகவியலாளர் மெர்ட்டன் முன்பே சுட்டிக்காட்டினார். விளைவின் பெயரிலேயே இடம்பெறாத கிருஷ்ணனுக்கு இந்த இழப்பு இரட்டிப்பு என்பது என் கருத்து.

கேட்டவர்: நன்றி, ஐயா. பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பதிலிருந்தே தொடங்குகிறேன்.