மறு: 'சிங்க் ஆகலை' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? – 'பட நிலுவை', 'ஒப்புகை'

அனைவருக்கும் வணக்கம்.

கணக்கெடுப்புச் செயலியில் எடுத்த படம் அலுவலகத்துக்கு ஏறாதபோது 'சிங்க் ஆகலை' என்கிறோமே, அதற்குத் தமிழ்ச் சொல் கேட்ட இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஒத்திசைவுத் தோல்வி, ஒருங்கிசைவுப் பிழை, நிகராக்கத் தடை என்று நல்ல சொற்கள் வந்திருக்கின்றன. ஆனால் எல்லாமே 'சிங்க்' என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல்லைத் தேடுகின்றன. கணக்கெடுப்புச் செயலியில் படம் ஏறாமல் நிற்கும்போது நடப்பது ஒரே கோளாறு இல்லை. மூன்று நான்கு விதமாக நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. நாம் வைக்கும் சொல், எடுத்த படம் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் மட்டும் இருக்கிறதா, வழியில் அறுந்ததா, வழங்கிக்கு, அதாவது அலுவலகத் தரப்பின் சர்வருக்கு, வந்து சேர்ந்ததா? இதைச் சொல்லாத சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் களப்பணியாளருக்கு உதவாது.

கல்வராயன் மலைப் பக்கம் நடந்த ஒரு வீட்டுக் கணக்கெடுப்பில் நான் உதவிக்கு இருந்தேன். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிய பெண் ஒருவர், மலையிறங்கிச் சிக்னல் கிடைத்ததும் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினார். மேற்பார்வையாளர் போனில் கேட்டார்: "ஏம்மா, போட்டோ எல்லாம் போயிடுச்சா?" அவர் சொன்னார்: "போயிடுச்சு சார்." அனுப்பியாகிவிட்டது என்ற பொருளில்தான் சொன்னார். அலுவலகத் திரையில் பதிவுகள், அதாவது நிரப்பிய விடைகள், இருந்தன, படங்கள் இல்லை. அதனால் 'போயிடுச்சு' என்றால் தொலைந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் எடுத்துக்கொண்டார். "சரி, ஆப்பை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க" என்றார். ஓ.டி.கே. கலெக்ட் போன்ற கணக்கெடுப்புச் செயலிகள் படிவங்களையும் படங்களையும் ஆண்ட்ராய்டில் தங்களுக்கென ஒதுக்கிய கோப்புறையில்தான் வைக்கின்றன. செயலியை நீக்கினால் அந்தக் கோப்புறையும் சேர்ந்தே அழியும். அதுவரை கைபேசியில் பத்திரமாக இருந்த படங்கள் அப்போதுதான் அழிந்தன.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'போ' என்ற வினைக்குச் சென்று சேர்வதும் பொருள், இல்லாமல் போவதும் பொருள். யாழ்ப்பாணத்தில் 'போயிட்டுது' என்றாலும் இதே சிக்கல்தான். ஆகவே என் முதல் வேண்டுகோள்: அனுப்புதல் தொடர்பான எந்தச் செய்தியிலும் 'போனது', 'போகவில்லை' வேண்டாம். அனுப்பு, ஏறு, சேர், நில் என்ற நான்கு வினைகளே போதும்.

இனி, பதிவு வந்து படம் மட்டும் வராமல் இருப்பது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்லைத் தேர்ந்தெடுக்க இது தெரிந்தாக வேண்டும். ஓ.டி.கே., கோபோ டூல்பாக்ஸ் போன்றவை செயலியும் வழங்கியும் படிவங்களைப் பரிமாறிக்கொள்வதற்கான ஓபன்ரோசா என்ற பொது நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. நிரப்பிய விடைகள் ஒரு சிறிய எக்ஸ்.எம்.எல். கோப்பாக இருக்கும், சில கிலோபைட்தான். படங்கள் அதனுடன் இணைப்பாகச் செல்லும். இன்றைய கைபேசிக் கேமராவில் ஒரு படம் 3, 4 மெகாபைட் சாதாரணம். ஒரே தடவையில் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியும் என்று வழங்கி முன்கூட்டியே சொல்லலாம். மொத்தம் அதைத் தாண்டினால் செயலி இணைப்புகளைப் பல தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் அதே விடைக் கோப்பைச் சேர்த்து, 'இன்னும் முடியவில்லை' என்ற குறிப்போடு அனுப்பும். முதல் தவணை சேர்ந்து, இரண்டாவது தவணையின்போது சிக்னல் அறுந்தால், வழங்கியில் பதிவு இருக்கும், படம் இருக்காது. கைபேசியோ மொத்தப் படிவத்தையும் 'அனுப்ப முடியவில்லை' என்று காட்டும். அலுவலகம் சொல்வதும் உண்மை, களத்தில் இருப்பவர் சொல்வதும் உண்மை. இரண்டு பேரும் வேறு வேறு சொல்லால் பேசுவதால்தான் சண்டை வருகிறது.

இந்த நிலைக்குத்தான் பட நிலுவை என்று வைக்கலாம் என்கிறேன். பதிவு சேர்ந்தது, அதற்குரிய படம் இன்னும் சேரவில்லை, படம் கைபேசியில் இருக்கிறது. திரையில் 'நிலுவை: 3 படம்' என்று காட்டினால் ஒருமை, பன்மைச் சிக்கலும் இல்லை. நிலுவை என்றால் நின்றிருப்பது. தொலைந்தது என்ற எண்ணம் யாருக்கும் வராது.

> நிலுவை என்றால் கடன் பாக்கி மாதிரித் தொனிக்கிறதே. பணியாளர் ஏதோ தர வேண்டியவர் போல.

இந்த ஐயம் எனக்கும் வந்தது. ஆனால் நாளிதழைத் திறந்தால் 'நிலுவையில் உள்ள வழக்குகள்', 'நிலுவை மனுக்கள்' என்றுதான் படிக்கிறோம். வழக்கு நிலுவையில் இருந்தால் வழக்காடுபவரை யாரும் கடன்காரர் என்று நினைப்பதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தடவை மனு கொடுத்தவருக்கும் தெரிந்த சொல் இது. புதிதாகக் கற்றுத்தர வேண்டிய வேலையே இல்லை.

அடுத்தது இதற்கு நேர் எதிரான நிலை. படமும் பதிவும் முழுதாகச் சேர்ந்துவிடுகின்றன. பெற்றுக்கொண்டேன் என்று வழங்கி 201 என்ற குறியீட்டை அனுப்புகிறது. அந்தப் பதில் கைபேசியை எட்டுவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. கைபேசி மறுபடி முழுவதையும் அனுப்பப் பார்க்கும். ஒவ்வொரு படிவத்துக்கும் தனி அடையாள எண் இருப்பதால், அதே படிவம்தான் திரும்ப வருகிறது என்று வழங்கிக்குத் தெரிந்துவிடும். இந்த நிலையில் பணியாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறுபடி அனுப்புவது. ஆனால் இதற்கும் 'தோல்வி' என்றே செய்தி வந்தால், பயந்துபோய் அதே வீட்டுக்குப் புதுப் படிவம் நிரப்பிவிடுகிறார்கள். அடையாள எண் மாறிவிடும், ஒரு வீடு இரண்டாகிவிடும்.

இங்கே ஒப்புகை என்ற சொல் இருக்கிறது. பதிவுத் தபாலோடு வந்த ஒப்புகை அட்டையைப் பார்க்காத குடும்பம் குறைவு. தேர்தலில் ஒப்புகைச் சீட்டு என்ற பெயரும் பரவிவிட்டது. 'ஒப்புகை வந்தது', 'ஒப்புகை வரவில்லை, மீண்டும் அனுப்பவும்' என்று எழுதினால் யாருக்கும் விளங்கும். இரண்டையும் சேர்த்து ஒரு விதியாகவே பணியாளருக்குச் சொல்லலாம்: ஒப்புகை வரும்வரை எதையும் நீக்கக் கூடாது.

> ஒத்திசைவு ஏற்கெனவே ஆண்ட்ராய்டிலேயே வந்துவிட்டது. அதை ஏன் கைவிட வேண்டும்?

கைவிட வேண்டாம். தொடர்புப் பட்டியல், நாள்காட்டி போன்றவற்றில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்து நிகராகின்றன. அங்கே ஒத்திசைவு பொருந்துகிறது. கணக்கெடுப்புச் செயலியில் வெற்றுப் படிவம் கீழே இறங்கும், நிரப்பியது மேலே ஏறும். இரண்டும் தனித்தனி வேலை. ஏறுகிற வேலைக்கு ஒத்திசைவு என்று பெயர் வைத்தால், வழங்கியில் அழித்தது கைபேசியிலும் அழியுமோ என்ற வீண் அச்சம் வரும். மக்கள் பேச்சிலும் 'போட்டோ ஏறலை', 'பாதியிலேயே நிக்குது' என்றுதான் கேட்கிறேன். 'சிங்க் ஆகலை' என்பது பெரும்பாலும் பயிற்சி தருபவர்கள் பழக்கிவிட்ட பேச்சு.

ஏறாமல் நிற்பதற்கான காரணங்களையும் செய்தியில் பிரித்துச் சொல்வது நல்லது. கூடியமட்டும் வினையாகவே எழுதலாம். அளவு மீறியது என்பதற்கான 413 குறியீட்டை வழங்கி பதிலாகத் தந்தால் 'படம் பெரிதாக இருக்கிறது' என்று சொன்னால் போதும். என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருளில் யாரும் மாற்றாத வரை ஒரே தடவையில் ஏற்றுவதற்கான உச்சவரம்பு 1 மெகாபைட்தான். படம் இல்லாத படிவங்கள் ஏறி, படம் உள்ள படிவம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இது நிர்வாகி மாற்ற வேண்டியது, பணியாளர் எத்தனை தடவை அழுத்தினாலும் ஏறாது. படிவம் வடிவமைப்பவர் படத்தின் நீண்ட பக்கத்தை 1024 பிக்சலுக்குள் அடக்கச் சொல்லிவிட்டால் பெரும்பாலான கணக்கெடுப்புகளுக்கு அதுவே தாராளம். படிவமும் ஏறவில்லை, படமும் ஏறவில்லை என்றால் கடவுச்சொல், கைபேசியின் தேதி, உள்நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபை இவற்றைப் பார்க்கலாம். தேதி தவறாக இருந்தால் வழங்கியின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானதாகத் தோன்றி இணைப்பே கிடைக்காது. இதை 'கைபேசியின் தேதியைச் சரிபார்க்கவும்' என்று நேராகச் சொல்லலாமே, 'சான்றுறுதிப் பிழை' எதற்கு?

இன்னொன்று, இந்தக் கணக்கில் சேரவே கூடாதது. நினைவகம் குறைந்த கைபேசியில் கேமராவைத் திறந்ததும் சில நேரம் ஆண்ட்ராய்டு பின்னால் இருக்கும் படிவச் செயலியை மூடிவிடும். அப்போது படம் எடுத்துத் திரும்பினால் படிவத்தில் படம் இல்லாமல் இருக்கலாம். இது ஏறாத படம் இல்லை, படிவத்தில் பதியாத படம். 'படம் பதியவில்லை, மீண்டும் எடுக்கவும்' என்று அந்த வீட்டு வாசலிலேயே தெரிய வேண்டும். மாலையில் தெரிந்து பயன் இல்லை.

இது கூலியோடும் சேர்ந்த விஷயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கான வருகைப்பதிவுச் செயலி 2021 மே மாதம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. வருகையோடு ஒரு நாளைக்கு இரண்டு படம், நேரமும் இடமும் குறித்து ஏற்ற வேண்டும் என்பது அப்போதைய விதி. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் நிற்கும் பணித்தளப் பொறுப்பாளருக்கு, தன் கையில் இருப்பது நிலுவையா இழப்பா என்று தெரியாவிட்டால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். ஒப்புகை என்று ஒன்று திரையில் தேதி, நேரத்தோடு நின்றால் அதைக் காட்டியாவது பேசலாம்.

தரவேற்றம் என்ற ஈழத்து வழக்கையும் எடுத்துக்கொள்ளலாமா என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டிருந்தார். தாராளமாக. பதிவேற்றம், தரவேற்றம் இரண்டிலும் 'ஏற்று' இருப்பதால் செய்திகளில் 'ஏறியது', 'ஏறவில்லை' என்றே எழுதிவிடலாம், இரு நாட்டுக்கும் ஒத்துவரும்.

செயலியின் மொழிபெயர்ப்புக் கோப்பில் நான் இட நினைப்பவை: 'கைபேசியில் உள்ளது, இன்னும் அனுப்பவில்லை', 'பதிவு சேர்ந்தது, நிலுவை: 3 படம்', 'ஒப்புகை வரவில்லை, மீண்டும் அனுப்பவும்', 'எல்லாம் சேர்ந்தது, ஒப்புகை வந்தது'. 'அனுப்பியதும் நீக்கு' என்ற அமைப்பை 'ஒப்புகை வந்ததும் நீக்கு' என்று மாற்றலாம் என்பது கூடுதல் பரிந்துரை. நான்காவது செய்தி கொஞ்சம் நீளம். சிறிய திரையில் இரண்டு வரியாக உடைகிறது. 'எல்லாம்' என்பதை எடுத்துவிட்டால் படமும் சேர்ந்ததா என்ற ஐயம் வருமோ என்று தயங்குகிறேன். களத்தில் இருப்பவர்கள் யாராவது ஓரிருவரிடம் காட்டிக் கேட்டுச் சொன்னால் அதன்படி திருத்திவிடுகிறேன்.