ஆணி ஓட்டை அடைக்க டூத்பேஸ்ட் போதுமா?

வெள்ளைச்சுவர்:
கூடத்தில் மாட்டியிருந்த படங்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டோம். இப்போது சுவர் முழுக்க ஆணி ஓட்டை. அலமாரி இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளும் உண்டு. பிளாஸ்டிக் பிளக் உள்ளேயே இருக்கிறது. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, மேலே எமல்ஷன் பெயிண்ட். கொஞ்சம் டூத்பேஸ்ட்டைத் திணித்துத் துடைத்துவிட்டால் தெரியாது என்கிறார் உறவினர் ஒருவர். அப்படியே விடலாமா, இல்லை சுவர்க் குழியை நிரப்பும் பட்டி வாங்க வேண்டுமா?

பழையதிருப்புளி:
டூத்பேஸ்ட் வேண்டாம். காய்ந்ததும் சுருங்கி நடுவில் குழி விழும், மேலே அடிக்கும் பெயிண்டும் சரியாகப் பிடிக்காது.

ஓட்டை அடைப்பதைவிட, அடைத்த தடம் தெரியாமல் செய்வதில்தான் பாடு அதிகம். முதலில் ஓட்டையின் மேல் விரலைத் தடவிப் பாருங்கள். ஆணியைப் பிடுங்கும்போது சுற்றியுள்ள பூச்சும் பெயிண்டும் சேர்ந்து வெளியே வந்திருக்கும். விளிம்பு எரிமலை வாய் போல் லேசாகத் தூக்கி நிற்கும். பலரும் அதன் மேலேயே பட்டியை அப்புகிறார்கள். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் அங்கே ஒரு மேடு இருந்துகொண்டே இருக்கும். திருப்புளியின் கைப்பிடி முனையால் அந்த விளிம்பை உள்ளே அழுத்துங்கள், இல்லையென்றால் பிளேடால் சீவி எடுங்கள். சுவர் மட்டத்திலிருந்து ஒரு நூல் பள்ளமாக இருந்தால் நல்லதுதான். உள்ளே இருக்கும் தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

சின்ன ஓட்டைக்கு, கலந்தே வரும் அக்ரிலிக் பட்டி சௌகரியம். பொடியாக வரும் வெள்ளைச் சிமெண்ட் பட்டி என்றால் ஓட்டையில் முதலில் லேசாகத் தண்ணீர் தொட்டுவையுங்கள். இல்லாவிட்டால் பட்டியிலுள்ள ஈரத்தைச் சுவர் உறிஞ்சிவிடும். அப்போதைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள், இறுகிய பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்தால் வலு இருக்காது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சில நிமிடங்களில் இறுகிவிடும். கை பழகாதவர்களுக்கு அது தலைவலி.

பட்டி பூசும் பிளேடைச் சாய்த்துப் பிடித்து அழுத்தித் திணியுங்கள், பிறகு நிமிர்த்தி ஒரே இழுப்பில் வழியுங்கள். ஆழமான ஓட்டை என்றால் இரண்டு தடவையாக நிரப்புங்கள். ஒரேயடியாக நிரப்பினால் மேல்தோல் மட்டும் காயும், உள்ளே ஈரம் நிற்கும். தொட்டால் சில்லென்று இருக்கிறதா? இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

தேய்க்க 180 நம்பர் உப்புத்தாள், முடிக்க 220. தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரலை வைத்துத் தேய்த்தால் நடுவில் பள்ளம் விழும். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ரொம்பப் பழைய வீடு என்றால் அடிப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அங்கே உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

பிளக் விஷயம்: ஒரு திருகாணியை அதில் பாதி வரை முறுக்கி, தலையைக் குறடால் பிடித்து இழுங்கள், பெரும்பாலும் கூடவே வந்துவிடும். வர மறுத்தால் மல்லுக்கட்டாதீர்கள், பூச்சு பெயர்ந்து ஓட்டை பெரிதாகும். சுத்தியலால் மெல்லத் தட்டி உள்ளே இறக்கிவிட்டு மேலே பட்டி போட்டால் தீர்ந்தது.

நடுச்சுவர்:
ஜிப்சம் போர்டு தடுப்பு உள்ளவர்கள் பிளக்கை இப்படித் தட்டாதீர்கள், போர்டு உடையும். அதில் விரல் நுழையும் அளவு ஓட்டை என்றால் வலை டேப் ஒட்டி அதன் மேல்தான் பட்டி.

வெள்ளைச்சுவர்:
நன்றி. இரண்டு சந்தேகம். அடைத்த இடத்திலேயே பின்னால் மறுபடி திருகாணி போடலாமா? மிச்சமுள்ள பழைய பெயிண்டைப் பட்டி மேல் நேராகத் தொட்டுவிடலாமா?

பழையதிருப்புளி:
பட்டி எடையைத் தாங்காது. இரண்டு அங்குலம் தள்ளித் துளை போடுங்கள். அதே இடம்தான் வேண்டும் என்றால் அடைக்கவே அடைக்காதீர்கள், துளையைக் கொஞ்சம் அகலமாக்கி அடுத்த அளவு பிளக்கை இறக்குங்கள்.

பெயிண்டுக்கு முன்னால் பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு தொடு. வெறும் பட்டி பெயிண்டை அதிகமாக உறிஞ்சும். பகலில் தெரியாது, ராத்திரி விளக்கு பக்கவாட்டில் விழும்போது அங்கங்கே மங்கல் வட்டமாகத் தெரியும். சுவரை ரோலரில் அடித்திருந்தால் தொடுவதும் சின்ன ரோலரில்தான், பிரஷ் கோடு தனியாகக் காட்டிக்கொடுக்கும்.

நிறம் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். டப்பாவில் இருப்பது அன்றைய நிறம், சுவர் வெயிலிலும் அழுக்கிலும் மாறியிருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் தொட்டு, காய்ந்ததும் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் திட்டுத் திட்டாகத் தொடாமல் அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை அடித்துவிடுங்கள். டப்பாவைத் திறந்ததும் புளித்த நாற்றம் வந்தால் அதைச் சுவர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.