தில்லிக்குக் குடும்பத்தோடு வருகிறீர்களா? வீடு பார்க்கும்போது வெயிலைப் பாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து தில்லிக்கு மாற்றல், ஏழு வயதுப் பெண் இருக்கிறாள், எங்கே வீடு பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் 2012 ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து வந்தோம். அப்போது எங்களுக்கு யாரும் சொல்லாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை, ஆபீஸ் தூரம் இதற்கெல்லாம் முன்னால், அந்த வீட்டுக்குள் குளிர்காலத்தில் வெயில் விழுமா என்று பாருங்கள்.

ஜூலை வெக்கையில் அலைந்து, தரைத்தளத்தில் நிழலாக இருந்த ஒரு வீட்டை ஆசையாகப் பிடித்தோம். டிசம்பரில் அதன் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. இரவில் சில நாள் 5 டிகிரிக்கும் கீழே போகும். அது கூடப் பரவாயில்லை, பகலிலும் வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகக் குளிர். துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம், சுவரெல்லாம் ஓதம். எங்கள் மாமியார் அந்த ஜனவரி முழுக்க எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் அங்கேதான் வெயில். ஊருக்குத் திரும்பிப் போய்விடலாம் என்று அவர் சொன்னபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. அடுத்த வருஷம் இரண்டாம் மாடிக்கு மாறினோம். அதே தில்லிதான், ஆனால் ஊரைப் பற்றி எங்கள் எண்ணமே மாறிப்போனது.

காரணம் இதுதான். இங்கே பல காலனிகளில் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டுவதால் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே வெளிச்சம் வரும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நம் ஊரில் சாய்வதைவிட இன்னும் நன்றாகத் தெற்கே சாய்ந்து போகும். தெற்குப் பார்த்த பால்கனியோ ஜன்னலோ இருந்தால், மூட்டமில்லாத நாளில் வெயில் கட்டில் வரைக்கும் வரும். ஜூனில் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்குப் போய்விடுவதால் அதே ஜன்னல் அவ்வளவு சுடாது. நம் பக்கம் காற்றுக்காகத் தெற்கு ஜன்னல் தேடுவோம், இங்கே வெயிலுக்காகத் தேட வேண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். மே மாதம் 45 டிகிரி தொடும் நாட்களில் இரவிலும் கூரை சுடும்.

தண்ணீரையும் கேளுங்கள். பல இடங்களில் குழாய்த் தண்ணீர் காலையும் மாலையும் சிறிது நேரம்தான் வரும், அந்த நேரத்தில் மோட்டார் போட வேண்டும். உங்கள் மாடிக்குத் தனி மோட்டாரும் தனித் தொட்டியும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத வாடகைதான். ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவார்கள், போலீஸ் வெரிஃபிகேஷனும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை.

பகுதி என்று கேட்டால் நான் மயூர் விஹார் பேஸ் 1 என்பேன். நம்மவர்களும் மலையாளிகளும் நிறைய. பிங்க் லைன் மெட்ரோவில் ஏறினால் மாறாமல் ஐஎன்ஏ போகலாம். அங்கே மார்க்கெட்டில் இட்லி அரிசி, கறிவேப்பிலை, நல்லெண்ணெய், வாழைப்பூ எல்லாம் கிடைக்கும். ஆர்.கே. புரமும் நல்ல இடம். செக்டர் 5-இல் 1946-இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம், செக்டர் 7-இல் குன்றின் மேல் சுவாமிநாதன் இருக்கும் மலை மந்திர் முருகன் கோயில். குழந்தைக்குத் தமிழ் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தால் டிடிஇஏ பள்ளிகளை விசாரியுங்கள். 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் அவை. சிபிஎஸ்இ பாடத்திட்டம், தமிழும் படிக்கலாம்.

நவம்பரைப் பற்றி மூடி மறைக்க மாட்டேன். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்தபின் வயலில் நிற்கும் தாளை எரிக்கும் புகை, ஊரின் வண்டிப்புகை, தூசி எல்லாம் காற்று அசையாமல் நின்றுவிடுவதால் தலைக்கு மேலேயே தங்கும். காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் ‘கடுமை’ என்று கணக்கு. அது போல நாட்கள் வருகின்றன, பள்ளியை ஆன்லைனுக்கு மாற்றுவதும் உண்டு. குழந்தை தூங்கும் அறைக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மாற்றலுக்குச் சரி சொல்வதற்கு முன்பே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

இந்தி தானாக வரும், எண்கள் மட்டும் படுத்தும். ‘டேட் சௌ’ என்றால் 150, ‘டாயி சௌ’ என்றால் 250. காய்கறிக்காரர் பல சமயம் ‘பாவ்’ கணக்கில், அதாவது கால் கிலோவுக்கு விலை சொல்வார். நான் கிலோ விலை என்று நினைத்து மூன்று கிலோ பட்டாணி அள்ளியிருக்கிறேன். ‘மதராஸி’ என்று யாராவது சொன்னால் ஊர்ப் பெயரைச் சொல்லித் திருத்துங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் மாவு. ஜனவரியில் வெளியே வைத்த இட்லி மாவு ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கும். பாத்திரத்தை வெந்நீர் உள்ள பெரிய குண்டானுக்குள் வைத்து, மேலே பழைய ரஜாயை, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த போர்வையை, சுற்றிவிடுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் மார்ச்சில் வாருங்கள். குளிர் விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, சாலையோரம் இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்திருக்கும், ஏப்ரலில் பள்ளி தொடங்கிவிடும். ஆனால் மார்ச்சில் எந்த வீடும் அழகாகத்தான் தெரியும். அதனால் போனில் திசைகாட்டியைத் திறந்து தெற்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம். மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டம்மாவிடம், “ஜனவரியில் துணியை எங்கே காயப்போடுவீர்கள் ஆன்ட்டி?” என்று கேளுங்கள்.