சரிக்குச் சரி ஆள் கிடைத்தால்

சதுரங்கப் போட்டி. எனக்குக் கருப்புக் காய். எதிரே உசிலம்பட்டிப் பக்கத்து வாத்தியார். ரேட்டிங்கில், அதாவது ஆட்டத் திறமைக்கான மதிப்பெண்ணில், ஐந்தாறு புள்ளிதான் வித்தியாசம். மதுரைப் போட்டிகளில் அடிக்கடி மாட்டிக்கொள்வோம், பெரும்பாலும் டிராதான்.

கேரோ-கான் என்ற தொடக்க முறையை ஆடினேன். மூன்றாவது நகர்விலேயே சிப்பாயை இ5 கட்டத்துக்குத் தள்ளினார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிப்பாய் ஆட்டம் முடியப்போகும் நேரம்வரை அங்கேயே நின்றது. நடு ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ராணிகள் போயின, குதிரைகள் போயின, இருவருமே வம்புக்குப் போகவில்லை. கடைசியில் ஆளுக்கொரு யானை, அவருக்கு மட்டும் அந்த ஒரு சிப்பாய்.

சுற்றி நின்ற பையன்கள் என் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் இந்த இடத்துக்கு பிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் 1777-லேயே வழி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் ராஜா டி5-இல். என் ராஜா சிப்பாய்க்கு நேர் எதிரே இ8-இல். என் யானை ஆறாவது வரிசையைக் காவல் காத்தால் அவர் ராஜா மேலே ஏற முடியாது. சிப்பாய் இ6-க்கு வந்த உடனே யானை ஏ1-க்கு இறங்கிவிட வேண்டும். பின்னாலிருந்து செக் கொடுத்தால் ராஜா ஒளிய இடமில்லை, ஒளிய வேண்டிய கட்டத்தில் அவருடைய சிப்பாயே நிற்கிறது.

இது வாத்தியாருக்கும் தெரியும். அதனால் சிப்பாயைத் தொடாமல் யானையை இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார், நான் எங்கேயாவது தடுமாறுவேனா என்று. நகர்வுக்கு 30 வினாடி கூடும் ஆட்டம், கடைசிவரை ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியே ஆகவேண்டும். கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம் ஒருவழியாக இ6 ஆடினார், நான் இறங்கினேன். நாலைந்து செக் வாங்கிவிட்டு டிராவுக்குக் கையை நீட்டினார்.

"விடமாட்டீகளே தம்பி!"

"நீங்க மட்டும் விட்டீகளாண்ணே?"

*

மேலே எழுதியவருக்கு நல்ல ஆள் வாய்த்திருக்கிறார். எனக்கு வாய்த்தவர், ஒரே நிலை மூன்றாம் முறை வருகிறது, டிரா என்று நகர்த்தி, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு ஆர்பிட்டரை, அதாவது நடுவரைக் கூப்பிட்டார். நகர்வைத் தாளில் எழுதி, காயைத் தொடாமல் சொல்லியிருந்தால் டிரா. ஆர்பிட்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். என் முறை வந்ததும் நான் வேறு நகர்வு ஆடினேன். மனுஷர் கோபத்தில் அடுத்த பத்து நகர்வுக்குள் ஒரு யானையைக் கோட்டைவிட்டார். அதற்குப்பின் எந்த ஊர்ப் போட்டியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.