நாரிப்பிடிப்புக்கு ஒஸ்டியோபதி: போகலாமா?

வெள்ளவத்தை வாசி:
நாலு கிழமையாக நாரிப்பிடிப்பு. வெளிநாட்டில் ஒஸ்டியோபதி, அதாவது எலும்பு, மூட்டு, தசையைக் கையால் சரிசெய்யும் வைத்தியம், படித்து வந்த ஒருவரிடம் போனேன். நிற்க வைத்துப் பார்த்தார், குனியச் சொன்னார். அப்புறம் கடைசி விலாவுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து, தசை இளகும்வரை அசையாமல் இருந்தார். முக்கால் மணி நேரம். எழும்பி நானே குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினேன். ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம், ஒரு பை குளிசை, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
அண்ணை, நாரிப்பிடிப்பு பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே குறையும். நாலாம் கிழமை யாரிடம் போனாலும் அவருக்குத்தான் பெயர். ஒஸ்டியோபதியை 1874இல் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், எலும்பும் மூட்டும் சரியாக இருந்தால் இரத்தம் சீராக ஓடும், உடம்பு தன்னைத் தானே குணப்படுத்தும் என்றார். பிள்ளைகள் மூவரை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மனிதர். அக்கால மருந்துகள்மேல் அவருக்கு வந்த வெறுப்பு விளங்குகிறது. அதற்காகத் தத்துவம் உண்மையாகிவிடுமா?

வெள்ளவத்தை வாசி:
அமெரிக்காவில் ஒஸ்டியோபதி படித்தவர்கள் சத்திரசிகிச்சையே செய்கிறார்கள், தம்பி. பிரித்தானியாவில் 1993இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
இரண்டையும் ஒரே பானையில் போடாதீங்கள். அமெரிக்காவில் அவர்கள் முழு மருத்துவப் படிப்பு முடித்த டொக்டர்மார். பிரித்தானியாவில் கையால் செய்யும் வைத்தியம் மட்டும்தான். சட்டம், பதிவில்லாதவர் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்கிறது. இவர்களில் சிலர் சொல்வதுபோல், மண்டையோட்டு எலும்பைத் தடவி எல்லா நோயையும் மாற்றலாம் என்று சட்டம் சொல்லவில்லை.

பம்பலப்பிட்டி பிசியோ:
சண்டை வேண்டாம். கையால் செய்யும் வைத்தியத்தால் நாரி நோவுக்குக் கொஞ்சம் சுகம் கிடைக்கும், அதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் சிகிச்சை வழிகாட்டல் தரும் பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2016இல் சொன்னது, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் அதைச் செய்யவேண்டும் என்று. ஆஸ்துமாவுக்கும் குழந்தை அழுகைக்கும் கை வைப்பவர்களை நான் நம்பமாட்டேன். கழுத்தைச் சடக்கென்று திருப்ப விடாதீங்கள். அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. சிறுநீர் போகாவிட்டால், உட்காரும் பகுதி மரத்தால், கால் பலமிழந்தால் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போது முறிவு நெரிவு வைத்தியரிடமும் வேண்டாம்.
அண்ணா, அவர் பயிற்சி ஏதும் சொல்லித் தந்தாரா?

வெள்ளவத்தை வாசி:
இல்லை. ஆறு தடவைக்கு முற்பணம் வாங்கிவிட்டார்.